சத்தமில்லாத கார்

ஹட்டன் பஸ்களில் டிவி பூட்டியவன் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால், அவனை அந்த டிவிக்கு நேர் கீழே இருக்கிற சீட்டில் உட்கார வைத்துக் கொழும்பு வரைக்கும் அனுப்பி, அதே பஸ்ஸில் திரும்பவும் கூட்டி வருவேன். படத்தில் அடி வாங்குகிறவன் அலறுகிற அலறலில் மடியில் தூங்குகிற கைக்குழந்தை எழுந்து அழும். டிரைவருக்கு அது தொந்தரவு. வால்யூமைக் கூட்டுவார். பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். நானும் அப்படித்தான் வருவேன் என்பது இதில் இன்னும் கேவலம்.

இத்தனைக்கும் நான் பிழைப்பது இந்தச் சாமான்களை வைத்துத்தான். ஹட்டனில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. வாகனங்களுக்கு ஸ்பீக்கர், கமரா, தொடுதிரை, பின்னால் எடுக்கும்போது கீகீ என்று கத்துகிற சென்சர் எல்லாம் பூட்டிக் கொடுக்கிறேன். எனக்கு இவற்றின் மேல் கொள்ளை ஆசை. புதிதாக ஒன்று வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் அதைப் பிரித்துப் பார்க்காமல் சோறு இறங்காது. அதனால்தானோ என்னவோ, நல்ல சாமானை வைத்துக்கொண்டு ஜனங்கள் அடிக்கிற கூத்து எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

கொழும்பிலிருந்து வருகிற வேன்களைப் பாருங்கள். முகப்பில் ஒரு முழத்துக்கு வெள்ளை எல்ஈடி பட்டி. பனிமூட்டத்தில் வெள்ளை வெளிச்சம் அடித்தால் ஒரு மண்ணும் தெரியாது, எதிரே வருகிறவனின் கண்தான் போகும் என்று சொன்னால், "நல்லா பிரைட்டா இருக்கில்ல அண்ணே" என்பார்கள். அருவியைப் பார்க்க வந்தவன் அருவிக்கு முன்னால் ஸ்பீக்கரை வைத்து ஆடுவான். மலை மேலே நின்று தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்களின் தலைக்கு மேலே ட்ரோன் விட்டுப் படம் எடுப்பான். அவர்கள் ஒதுங்கவும் முடியாமல், நிமிரவும் முடியாமல், தலையில் போட்ட சாக்கை முகத்தில் இழுத்துவிட்டுக்கொள்வார்கள். அந்தப் படத்துக்குக் கீழே 'சொர்க்கம்' என்று எழுதுவான்.

கார்களைப் பற்றி வீடியோ போடுகிறவர்கள் இன்னொரு கூட்டம். வளைவே இல்லாத ரோட்டில் ஓட்டிவிட்டு, "ஹேண்ட்லிங் அருமை" என்பார்கள். ஹட்டனிலிருந்து டிக்கோயா வரைக்கும், மழையில், முன்னால் ஒரு கொழுந்து லொறி ஊர்ந்து போகும்போது ஓட்டிக் காட்டட்டும். ஏசியைக் கூட்டுவதற்குத் திரையில் மூன்று இடத்தில் தொட வேண்டிய காரை நவீனம் என்கிறவன் வாயில் நாலு போடலாம் போல இருக்கும். குமிழைத் திருகினால் முடிகிற வேலைக்கு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க வைக்கிறவனுக்குப் பெயர் பொறியியலாளராம்.

இவர்களுக்கெல்லாம் பாடம் புகட்டுகிறேன் என்றுதான் நானும் ஒரு சேனல் தொடங்கினேன். மலையில் கார் ஓட்டுவது எப்படி என்று சொல்ல ஒரு மலைக்காரன் வேண்டாமா?

என்னுடையது ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹைபிரிட் கார். ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து ரொம்ப நாள் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, ஏதோ ஒரு கார்டைப் போடவில்லை என்று என்னைக் குறை சொல்கிறாள். அந்த ஒரு குரலை விட்டுவிட்டு மற்ற எல்லாச் சத்தத்தையும் ஒழித்தேன். நான்கு கதவுகளையும் கழற்றி உள்ளே தார்த்தகடு ஒட்டினேன். அதற்கு மேலே நுரைப்பாய். தரையிலும், கூரையிலும், எஞ்சினுக்கும் எனக்கும் நடுவிலும் அப்படியே. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆனது. முடித்துவிட்டுக் கதவைச் சாத்தினபோது ஹட்டன் டவுன் முழுக்க ஊமையாகிவிட்டது. பஸ் டிவியில்லை, ஆட்டோவின் டம்டம் இல்லை, லொத்தர் சீட்டு விற்கிறவனின் ஒலிபெருக்கி இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த மலையில் பனிமூட்டம் இறங்கினால் நாங்கள் காதால்தான் ஓட்டுவோம். எவ்வளவு குளிராக இருந்தாலும் டிரைவர் பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கியிருக்கும். தோட்டத்து ரோட்டில் இரண்டு வாகனத்துக்கு இடமில்லை. அதனால் ஏறி வருகிறவன் வளைவுக்குக் கீழேயே இரண்டு தரம் நீளமாக ஹோர்ன் அடிப்பான். இறங்குகிறவன் அகலமான இடத்தில் ஒதுங்கி நின்று, ஒரு தரம் சின்னதாகப் பதில் அடிப்பான். 'கேட்டது, நிற்கிறேன், வா' என்று அர்த்தம். பதில் வரவில்லை என்றால் மேலே ஆளில்லை, ரோடு காலி. பாரம் ஏற்றின லொறி அதை நம்பித்தான் ரோடு முழுவதையும் எடுத்துக்கொண்டு வளையும். லைசன்ஸ் சோதனையில் இதைக் கேட்க மாட்டார்கள். ஆனால் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இது தெரியும். லயத்து வரிசை வீட்டில் பிறந்த எனக்கும் தெரியும்.

அன்று வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஆபீஸ் கமராக்களைப் பழுது பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். பகல்தான், ஆனால் பனி ரோட்டை மூடியிருந்தது. கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரைப் போட்டு, ஸ்பீக்கரில் ஒரு கார் விமர்சனத்தை ஓடவிட்டிருந்தேன். ஏதோ ஒரு விலையுயர்ந்த காரைப் பற்றி, அதன் உள்ளே எவ்வளவு அமைதி தெரியுமா என்று ஒருவன் உருகிக்கொண்டிருந்தான். என் காருக்குப் பக்கத்தில் அது வருமா என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பாறை வெட்டின வளைவில் இரண்டு மஞ்சள் வெளிச்சம் நேராக என் முகத்துக்கு வந்தது. நான் காலை வைப்பதற்கு முன்னால் கார் தானே பிரேக் பிடித்தது. லொறிக்காரன் பாறைப் பக்கம் ஒடித்தான். முன் சக்கரம் தண்ணீர் ஓடுகிற காணுக்குள் இறங்கி, அச்சு முறிந்து, லொறி சாய்ந்து நின்றது. கொழுந்துச் சாக்குகள் ரோட்டில் சிதறின.

கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினவனைப் பார்த்தேன். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அந்தத் தோட்டத்து லொறி டிரைவர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்து, "ஒனக்கு ஒன்னும் ஆகலையேடா மச்சான்?" என்றான்.

நான் என் முன் பம்பரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

"ஹோர்ன் கேக்கலையா ஒனக்கு?" என்றான்.

"நீ அடிச்சியா?" என்றேன்.

அவன் குனிந்து சாக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

வீட்டுக்கு வந்ததும் டாஷ் கமராவிலிருந்து வீடியோவை எடுத்துப் பார்த்தேன். என்ன தெளிவு! பனிக்குள்ளிருந்து வெளிச்சம் முளைப்பதும், கார் தானாக நிற்பதும், லொறி சாய்வதும் துண்டு துண்டாகத் தெரிந்தது. இப்படி ஒரு வீடியோ என் வாழ்நாளில் இன்னொரு தரம் கிடைக்காது என்று தோன்றியது. லொறியின் நம்பரை மறைத்தேன். அவன் முகம் வருகிற இடத்தை வெட்டினேன். 'ஹோர்னும் இல்லை, ஒன்றும் இல்லை, இந்தக் கார் மட்டும் இல்லையென்றால் இன்று நான் இல்லை' என்று பேசி, சேனலில் போட்டுவிட்டுத் தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன்.

நம்பரை மறைத்தால் போதுமா? நெற்றியில் வேல் வரைந்து, இரண்டு பக்கமும் மயில் எழுதின கொழுந்து லொறி அந்த மலையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மறுநாள் மத்தியானத்துக்குள் தோட்டத்தை நடத்துகிற துரையின் போனுக்கு அது போய்விட்டது. துரை விசாரணை வைத்தார். ஹோர்ன் அடித்தேன் என்றான் அவன். மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களும் கேட்டது என்றார்கள். துரை போனைத் தூக்கிக் காட்டினாராம். "நீங்க எல்லாம் ஒரே லயத்து ஆளுங்க, அப்படித்தான் சொல்லுவீங்க. கமரா யாருக்கும் சொந்தக்காரன் இல்லை. உள்ள பேசுறவன் பேச்சு இவ்வளவு தெளிவாக் கேக்குது, லொறி ஹோர்ன் மட்டும் கேக்காதா?" என்று கேட்டாராம். லொறிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி முடிவு வருகிற திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டார். டிரைவர் வேலை போனால் டிரைவருக்குக் கொடுத்த குவாட்டர்ஸும் போகும். அவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மறுபடி லயத்து ஒற்றையறைக் காம்பிராவுக்குத்தான் போக வேண்டும்.

இதெல்லாம் அவனே போனில் சொன்னது. சத்தம் போடவில்லை. "மச்சான், நான் அடிச்சேன்டா. வளைவுக்குக் கீழ ரெண்டு தரம் அடிச்சேன். பதில் வரல, அதுனாலதான் ஏறினேன்" என்றான்.

"கமராவுல இல்லையேடா" என்றேன் நான்.

நான் சொன்ன பதில் அதுதான். இன்றைக்கும் கடையில் யாருக்காவது கமரா பூட்டும்போது அந்த நாலு வார்த்தை... இல்லை, இரண்டே வார்த்தை, என் வாயில் புளித்துக்கொண்டு வரும்.

என் மனைவி அதே தோட்டத்தில் வளர்ந்தவள். சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பாறை வளைவுல ஹோர்ன் அடிக்காம லொறி ஏறினத நான் பார்த்ததே இல்லீங்க."

"அப்ப கமரா பொய் சொல்லுதா?"

"கமராவ யாரு கேட்டா? ஒங்களத்தான் கேக்குறேன்."

நான் தட்டோடு எழுந்து போனேன். என் கமராவின் மைக் எவ்வளவு நுட்பமானது என்று அவளுக்கு விளக்கவும் தொடங்கினேன். அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் நிறுத்தின காருக்குள்ளே உட்கார்ந்து வீடியோவுக்கு வந்த கருத்துகளை வாசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளே பிள்ளைகளின் சத்தம், அதனால் காருக்குள்ளே வந்து உட்காருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. தோட்டத்து லொறிக்காரனுக்கெல்லாம் லைசன்ஸ் கொடுத்தவனை முதலில் பிடி என்று ஒருவன் எழுதியிருந்தான். குடித்திருப்பான் என்று இன்னொருவன். என் கூட்டாளி வாழ்நாளில் பீடி பிடித்துக்கூட நான் பார்த்ததில்லை. அதற்கு ஒரு பதில் எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் கமரா எங்கே வாங்கலாம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். முதலில் அவர்களுக்குப் பதில் எழுதி, என் கடைக்கு வழியும் சொன்னேன்.

மனைவி வந்து கண்ணாடியில் தட்டினாள். கதவைத் திறந்தேன்.

"பாண் வாங்கினீங்களா?"

"பாண் ஆட்டோ இன்னும் வரலையே."

அவள் ரோட்டைக் காட்டினாள். பாண் ஆட்டோ கீழ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. கூரையில் புனல் ஸ்பீக்கர் வைத்து, ஊரே காதைப் பொத்துகிற மாதிரி ஒரே மெட்டைப் போட்டுக்கொண்டு தினமும் ரொட்டி விற்க வருகிற ஆட்டோ. அந்த மெட்டைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திறந்த கதவு வழியாக அது இப்போது நன்றாகவே கேட்டது.

"ஒங்க காரை ஒட்டினாப்புலதான் போச்சு. நான் குசினியில இருந்து கேட்டுட்டு ஓடியாறேன்" என்றாள்.

நான் கதவைச் சாத்தினேன். மெட்டு அறுந்தது. திறந்தேன், வந்தது. சாத்தினேன். அவள் வெளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது, என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

கமரா காருக்குள்ளே இருக்கிறது. காருக்குள்ளே வராத சத்தம் அதன் மைக்குக்கு எங்கிருந்து வரும்? இதைக் கடைக்கு வருகிற எந்தச் சின்னப்பயல் கேட்டிருந்தாலும் நான் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். தொழிலே இதுதானே எனக்கு. தார்த்தகடு ஒட்டினது இந்தக் கை. கேட்கவில்லை என்று சத்தியம் செய்தது இந்த வாய். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரமாக எதுவும் ஓடவில்லை.

எனக்கு என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பஸ் டிவிக்காரனாவது தன் படத்தை மற்றவர்கள் கேட்க வேண்டும் என்று நினைக்கிறான். நான், ஒருத்தர் சத்தமும் எனக்குக் கேட்கக்கூடாது என்று மூன்று ஞாயிறு வேலை செய்து, பிறகு என் கூட்டாளி ஹோர்ன் அடிக்கவே இல்லை என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். வீடியோவை அழித்தேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் அது எத்தனையோ போன்களில் சுற்றிக்கொண்டிருந்தது. தப்பு என்னுடையது என்று சேனலில் எழுதினேன். நல்ல மனசுக்காரன் என்று ஒருவன் என்னைப் புகழ்ந்தான். அதைப் படித்தபோது போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

சனிக்கிழமை காலையில் தோட்டத்து ஆபீஸுக்குப் போனேன். துரை முதலில் என்னை உட்காரச் சொல்லி, "ஒங்க வீடியோ இருந்ததால எனக்கு வேலை லேசாப் போச்சு" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். தார்த்தகடு, நுரைப்பாய், ஏற்றின கண்ணாடி, இறங்குகிறவன் நான்தான், நிற்க வேண்டியவனும் நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஃபிரெண்டுக்காகப் பேசுறீங்க. லொறி ஹோர்னுங்க அது. சுவத்துக்குள்ள இருந்தாலும் கேக்கும்."

"வந்து என் காருல ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்க சேர்" என்றேன். "அதுக்கப்புறம் ஒங்க இஷ்டம்."

பழுது பார்த்த லொறி அன்று காலையில்தான் தொழிற்சாலைக்குத் திரும்பியிருந்தது. துரை வேண்டாவெறுப்பாகச் சாவியைக் கொடுத்தனுப்பினார். என் கூட்டாளி லொறியை எடுத்துக்கொண்டு பாறை வளைவுக்குக் கீழே போய் நிறுத்தினான். போவதற்கு முன்னால் அவனிடம் இவ்வளவுதான் சொன்னேன்: "கீழ நிறுத்தி அஞ்சு நிமிஷம் கழிச்சு, அன்னைக்கு அடிச்ச மாதிரி ரெண்டு தரம் அடி." அவன் தலையை ஆட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் காரை வளைவுக்கு மேலே, அன்றைக்கு நான் ஒதுங்கி நின்றிருக்க வேண்டிய அதே அகலமான இடத்தில் நிறுத்தினேன். துரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடிகளை ஏற்றினேன். ஹீட்டரைப் போட்டேன். அதே கார் விமர்சனத்தை, அதே சத்தத்தில் ஓடவிட்டேன். விமர்சனக்காரன் அந்த அமைதியை மறுபடியும் புகழ ஆரம்பித்தான்.

அன்று பனி இல்லை. நல்ல வெயில். பாறை மறைத்ததால் லொறி தெரியவில்லை. ஆனால் வளைவுக்கு மேலே மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் நன்றாகத் தெரிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி நிமிர்ந்து ரோட்டுப் பக்கம் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளும் பார்த்தாள். பிறகு அந்த நிரை முழுவதும் கையை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டு நின்றது. ஒருத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

துரை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன, இன்னும் அடிக்கலையா? அடிக்கச் சொல்லுங்களேன்."

நான் மலையைக் காட்டினேன். அவர் அந்தப் பெண்களைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிப் பட்டனை அழுத்தினேன்.

கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்குவதற்குள் ஹோர்ன் உள்ளே வந்துவிட்டது. இரண்டு தரம் அல்ல. விடாமல், மூச்சு வாங்காமல், மலை திருப்பிச் சொல்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தான். எப்போதிலிருந்து அப்படி அடித்துக்கொண்டிருந்தான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. உள்ளே அந்த விமர்சனக்காரன் இன்னும் பேசிக்கொண்டே இருந்தான். துரையே கையை நீட்டி அவனை நிறுத்தினார்.

"சரி, போதும்னு சொல்லுங்க" என்றார். "சாவிய அவனையே வச்சிக்கச் சொல்லுங்க."

நான் இறங்கிப் போகவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்து, சின்னதாக ஒரு தரம் ஹோர்ன் அடித்தேன்.

அப்போதுதான் அவன் நிறுத்தினான்.